கொடுத்த கள்ளும் விற்ற கள்ளும்

சங்கப் பாடல்களைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இடர் தரும் சொற்கள் இரு வகை. பொருள் விளங்காமையால் இடர் தருவன ஒரு வகை. பொருள் நன்கு விளங்குவதாலேயே இடர் தருவன மற்றொரு வகை. 'கள்' என்னும் சொல் இரண்டாம் வகையினது. கெடா மாநிலத்துத் தோட்டப்புறக் குடும்பங்களின் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் இச்சொல்லுக்கு அகராதி வேண்டியதில்லை. பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் ஆகிய ஊர்களைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களின் வீட்டுக் கதைகளில் கள்ளுக்கடைக்கு ஓர் இடம் உண்டு. தாத்தாவின் சம்பளம் எங்கே போயிற்று, பாட்டியின் தோடு ஏன் அடகுக்குப் போயிற்று என்பவற்றைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அதியமான் ஔவைக்குக் கள் கொடுத்தான் என்று சொல்லும்போது அது முகத்தைச் சுளிப்பதில் வியப்பு இல்லை.

இந்த இடரினின்று தப்ப மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. பாட்டையே விட்டுவிடுவது ஒன்று. 'கள் என்பது ஒரு பானம்' என்று குறிப்பு எழுதிவிட்டு அடுத்த அடிக்கு விரைவது இன்னொன்று. மூன்றாவது மேடைப் பேச்சாளர் வழி. பண்டைத் தமிழர் குடித்தனர், புலவரும் குடித்தனர், அதில் என்ன குறை என்று கேட்டுக் கைதட்டல் பெறுவது அது. முதலிரண்டும் நாணத்தின் விளைவு. மூன்றாவது நாணமின்மையின் விளைவு. மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. கலத்தில் இருப்பது யாது என்று பார்க்கின்றன. கலத்தை நீட்டும் கை யாருடையது, அக்கை பதிலுக்கு எதை வாங்குகிறது என்று பார்ப்பதில்லை. சங்கப் பாட்டின் உயிர்நிலை அந்த இரண்டாவது வினாவிலேதான் இருக்கிறது.

முதலில் சொற்களை நோக்குவோம். பழம்பாடல்களில் மதுவைக் குறிக்கக் கள், நறவு, தேறல், மட்டு, பிழி, தோப்பி எனப் பல சொற்கள் வருகின்றன. வகுப்பறைக் குறிப்பேடுகளில் இவை எல்லாவற்றிற்கும் 'கள்' என்றோ 'மது' என்றோ ஒரே பொருள் எழுதப்படுவதைக் காணலாம். இது தவறு என்பதைத் தென்னங்கள்ளின் இயல்பை அறிந்தவர் எளிதில் உணர்வர். விரியாத பாளையைக் கட்டி, நாள்தோறும் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் சொட்டுச் சொட்டாக வடிவது இனிய சாறு. நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு வரை சர்க்கரை உள்ள அச்சாறு, வடியும்போது ஏறக்குறைய நிறமற்றிருக்கும். காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் பெருகப் பெருக அது பால் போல் வெளுக்கும், நுரைக்கும். ஒரு பகலுக்குள் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு வரை சாராயம் அதில் ஏறிவிடும். மறுநாள் புளித்துக் காடியாகும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தடைப்பட்டுப் பதநீர் கிடைக்கும். ஆகவே காலையில் இனிப்பு, மாலையில் மயக்கம், மறுநாள் புளிப்பு என மூன்று பொருளாக நிற்பது ஒரே சாறு. கெடாவின் கடலோர உப்பங்கழிகளில் வளரும் நீப்பா மரத்தின் சாற்றை மலாய்க்காரர்கள் 'நீரா' என்று சாலையோரத்தில் இனிப்பாக விற்பதும் இந்த முதல் நிலையில்தான்.

இந்த வெண்மையான கலங்கற் பானத்தைத் தெளிய வைத்து, நாரால் வடித்தால் வருவது தேறல். தேறுதல் என்றால் தெளிதல். சொல்லிலேயே வடித்தெடுத்த உழைப்பு இருக்கிறது. தோப்பி என்பது நெல்லிலிருந்து வீட்டில் சமைக்கப்பட்டது. இவற்றை ஒன்றாக்கிவிட்டால் பாட்டில் புலவர் வேண்டுமென்றே வைத்த வேறுபாடு அழிந்துபோகும்.

அதற்குச் சான்று புறநானூற்றின் 24-ஆம் பாட்டு. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை மாங்குடி கிழார் பாடியது. பாட்டின் பெரும்பகுதி கடற்கரையிலே நிகழ்கிறது. நெல்லரியும் உழைப்பாளர் வெயில் பொறுக்கமாட்டாமல் கடல் அலையில் பாய்கின்றனர். மீன்பிடிக்கும் பரதவர் வெம்மை மிக்க மட்டினைக் குடித்துக் குரவை ஆடுகின்றனர். மகளிர் பனை நுங்கின் நீரையும் கரும்பின் சாற்றையும் இளநீரையும் கலந்து, மூன்று நீரையும் உண்டு, முந்நீராகிய கடலில் குதிக்கின்றனர். சொல்லை வைத்து இவ்வளவு மகிழ்ச்சியாக விளையாடிய இடம் புறநானூற்றில் வேறு இருப்பது அரிது. பாட்டு முடியும் இடத்தில் புலவர் அரசனை நோக்கித் திரும்புகிறார். பொற்கலத்தில் மகளிர் ஏந்தும் குளிர்ந்து மணக்கும் தேறலை அருந்தி இனிது வாழ்க என்கிறார். பரதவர்க்கு மட்டு; அது வெப்பமுடையது. அரசனுக்குத் தேறல், அது தண்மையுடையது. ஒரே பாட்டில், ஒரே கடற்கரை நாட்டில், உழைப்பவன் குடிப்பதும் ஆள்பவன் குடிப்பதும் வேறு வேறு சொற்களால் சொல்லப்படுகின்றன. இரண்டுக்கும் 'கள்' என்று குறிப்பு எழுதும் மாணவன் பாட்டின் பாதியை இழக்கிறான். சங்ககாலச் சமுதாயம் ஏற்றத்தாழ்வு அற்றது என்று மேடையில் முழங்குவோரும் இந்த இரு சொற்களை ஒருமுறை நிறுத்திப் பார்க்கலாம்.

நக்கீரர் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடிய 56-ஆம் பாட்டில் வருவதோ இந்நாட்டு மதுவே அன்று. யவனர் கப்பலில் கொணர்ந்த தேறல் அது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது கிடைத்த, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த இருகைச் சாடிகளின் உடைசல்கள் அப்பாட்டுக்கு மண்ணிலிருந்து எழுந்த உரை எனலாம். அதனைப் பற்றி இங்கு மேலும் விரிக்க வேண்டியதில்லை. அரண்மனைக்கு வந்த அயல்நாட்டுப் பொருளைப் பற்றிய செய்தி அது. தோட்டத்துப் பிள்ளையின் இடருக்கு அதில் விடை இல்லை.

விடை இருப்பது ஔவையார் பாடிய 235-ஆம் பாட்டில். மேடைப் பேச்சாளர் அடிக்கடி எடுத்தாள்வதும் இப்பாட்டையே. சிறிதளவு கள் கிடைத்தால் அதியமான் அதனைத் தான் உண்ணாமல் எங்களுக்கே தருவான். மிகுதியாகக் கிடைத்தால் நாங்கள் உண்டு பாட, எஞ்சியதைத் தானும் மகிழ்ந்து உண்பான் என்பது தொடக்கம். இந்த இரண்டு செய்திகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அரசனும் புலவரும் கூடிக் குடித்த களிப்பைப் பாடிய பாட்டு இது என்று கூறிவிடுகின்றனர். பாட்டு கையறுநிலை என்பதே மறந்துபோகிறது. அதியமான் இறந்து கிடக்கிறான். ஔவையார் அழுகிறார். அழுகையின் முதற் சொல்லாக வருவதே கள்.

இங்கு ஓர் இடைச்சொல்லை நிறுத்திக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் 'மன்' என்னும் சொல் விழுந்துகொண்டே இருக்கிறது. மன்னைச் சொல் கழிவு, ஆக்கம், ஒழியிசை என்னும் மூன்று பொருளில் வரும் என்பது தொல்காப்பிய இடையியல். அவற்றுள் கழிவுப் பொருளுக்கு உரையாளர்கள் எடுத்துக்காட்டுவது இப்பாட்டின் அடியையே. தருவான், அது போயிற்று. உண்பான், அது போயிற்று. இப்படித்தான் பாட்டு நடக்கிறது. நகைப்புக்குரிய செய்தி ஒன்றை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. இலக்கிய வகுப்பில் மாணவர்க்கு ஆகாது என்று தவிர்க்கப்படும் இந்த அடி, இலக்கண வகுப்பில் மன்னைச் சொல்லுக்கு மேற்கோளாக மனப்பாடம் செய்யப்படுகிறது. இலக்கணம் என்றால் கள்ளுக்கும் தீட்டு இல்லை போலும்!

மேலும் பாட்டின் வரிசையை நோக்குக. முதலில் கள், பிறகு சோறு, பிறகு எலும்போடு கூடிய ஊன், பிறகு அம்பும் வேலும் பாயும் போர்க்களம். சோறு சிறிதாயினும் பல கலங்களோடு உண்பான். ஊன் உள்ள இடமெல்லாம் பிறர்க்குத் தருவான். வேல் வரும் இடமெல்லாம் தானே நிற்பான். உண்ணும் இடத்தில் பிறர்க்கு முன்னிடம். சாகும் இடத்தில் தனக்கு முன்னிடம். ஆள்பவனுக்கும் அவனைச் சார்ந்து வாழ்பவர்க்கும் இடையே பொருள் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதை ஔவையார் ஒரு கணக்கு எழுதுவது போல் எழுதிக் காட்டுகிறார். அக்கணக்கில் கள் ஓர் இனம், அவ்வளவே. பிறகு அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் உண்கலத்தையும் துளைத்தது, இரப்போர் கையையும் துளைத்தது, சுற்றத்தார் கண்ணின் பாவையையும் மங்கச் செய்தது என்கிறார். கலம் துளைபட்டபின் கள்ளும் இல்லை, சோறும் இல்லை. கொடுப்பவன் போனதும் பொருளும் போய்விட்டது. இப்பாட்டில் கள்ளுக்கு விலை இல்லை. கொடை என்னும் உறவுக்குள்ளே மட்டும் அது வாழ்கிறது.

ஆயினும் சங்ககாலத்துக் கள் முழுதும் கொடையாகவே இருந்தது என்று முடிவுகட்டினால் அது இன்னொரு மேடைப் பேச்சாகிவிடும். புறநானூற்றின் 316-ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் மதுரைக் கள்ளிற் கடையத்தன் வெண்ணாகனார். பெயரிலேயே கள்ளும் கடையும் இருக்கின்றன. கள்ளை வாழ்த்தித் தொடங்கும் அப்பாட்டின் தலைவன் ஏழை. நேற்று வந்த விருந்தினர்க்கு உணவிடத் தன் பழைய வாளை ஈடு வைத்துவிட்டான். இன்று கள்ளுக்குப் பாணன் தன் சிறிய யாழையே பணையமாக வைக்கிறான். தலைவன் கொடுக்க இல்லாதவன் என்று எண்ணவேண்டா, அவன் வென்று வந்ததும் விறலி அணிகலன் பெறுவாள், யாம் கள்ளுடன் மகிழ்வோம் என்று நம்பிக்கை கூறப்படுகிறது. வீரமும் குறும்பும் கலந்த பாட்டு என்று இதனைப் பாராட்டுவர். பாராட்டு தகும். ஆனால் வாளும் யாழும் வீட்டை விட்டுப் போகின்றன என்பதும் அங்கே உண்டு. போரிடுபவனுக்கு வாளும் பாடுபவனுக்கு யாழும் பிழைப்புக் கருவிகள். அவை ஈடாகப் போவதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார் புலவர். தலைவனும் பாணனும் ஒருவரை ஒருவர் தாங்குவதால் அந்தச் சிரிப்பு தாங்கும். அந்த உறவை எடுத்துவிட்டால் எஞ்சுவது அடகுக் கடன்தான்.

பட்டினப்பாலைக்கு வந்தால் கடையே கண்முன் நிற்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தில் பறக்கும் பலவகைக் கொடிகளை எண்ணிச் சொல்லும்போது, மது விற்குமிடத்துக் கொடியையும் சேர்த்து எண்ணுகிறார். விற்பனையைக் குறிக்க அவர் ஆளும் சொல் நொடை. அதே பாட்டில்தான் துறைமுகத்தில் வந்து குவியும் பொருள்களுள் காழகத்து ஆக்கமும் இடம் பெறுகிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என்று பொருள் உரைத்தார் நச்சினார்க்கினியர். கடாரம் என்றதும் 1025-ஆம் ஆண்டின் இராசேந்திரன் படையெடுப்பையும் பூஜாங் பள்ளத்தாக்கின் கற்றளிகளையும் நினைத்துப் பெருமை கொள்வோர் கெடாவில் பலர். கடாரத்துப் பொருள் இறங்கிய அதே துறைமுகத் தெருவில் கள்ளுக்கடைக் கொடியும் பறந்தது என்பதை நினைப்பவர் சிலரே. வாணிகம் பெருகிய இடத்தில் கள்ளுக்கு விலை வந்துவிட்டது. வாங்குவோரும் விற்போரும் ஒருவர்க்கொருவர் யார் என்று தெரியாதவர். ஔவையாரின் உலகம் இதற்குள் மிகத் தொலைவில் போய்விட்டது.

திருவள்ளுவர் எழுதியது இந்த விலைவந்த உலகத்திலிருந்து. கள்ளுண்ணாமை என்னும் 93-ஆம் அதிகாரம் பொருட்பாலில் வைக்கப்பட்டிருப்பதை ஆசிரியர்கள் மாணவர்க்குச் சுட்ட வேண்டும். அதற்கு முன்னே வரைவின் மகளிர், பின்னே சூது. மூன்றும் கைப்பொருள் கரையும் வழிகள். பெற்ற தாயின் முகத்தின் முன்னும் இன்னாதது களிப்பு என்று அவர் கூறியதைப் பலரும் அறிவர். 925-ஆம் குறளை அவ்வளவாக எடுத்தாள்வதில்லை. விலை கொடுத்துத் தன் உடலைத் தான் அறியாத நிலையை வாங்குவது செய்வதறியாமை என்பது அதன் கருத்து. கொடுத்து, கொள்ளுதல் என்னும் வாணிகச் சொற்களே அக்குறளின் முதுகெலும்பு. பணம் போகிறது, பதிலுக்கு வருவது அறியாமை. ஒரு கடைக்காரன் பேரேட்டைப் புரட்டிப் பார்த்து நட்டக் கணக்கைச் சொல்வது போல் சொல்கிறார் வள்ளுவர். சங்கப் பாட்டின் கள்ளை அவர் மறுக்கிறார் என்று சொல்வதைவிட, அவர் கண்ட கள் வேறு என்று சொல்வது பொருத்தம். காமத்துப்பாலில் காதலின் மகிழ்ச்சியைக் கள்ளின் மகிழ்ச்சியோடு ஒப்பிட்டு உயர்த்தும் குறள்கள் பல உள்ளன. கள்ளின் களிப்பு யாது என்று அறியாதவர் அவ்வாறு எழுத இயலாது. களிப்பை அவர் அறிவார். அதற்குக் கொடுக்கும் விலையைத்தான் பொருட்பாலில் கணக்கிடுகிறார்.

இனிய கொடையும் எல்லார்க்கும் ஏற்புடையதாக இருந்ததில்லை. மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையில், கலம் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவனுக்கு நாகர் தலைவன் கள்ளும் ஊனும் அன்போடு தர முன்வருகிறான். சாதுவன் மறுத்து அறம் உரைக்கிறான். சாத்தனார் காலத்தில் கொடையின் பெருமையே கேள்விக்கு வந்துவிட்டது.

கள்ளுண்ணாமை அதிகாரத்தில் ஒரு குறை உண்டு என்று சொல்லத் துணிபவர் குறைவு. ஆயினும் சொல்லத்தான் வேண்டும். பத்துக் குறளிலும் குடிப்பவன் இருக்கிறான். அவன் தாய் இருக்கிறாள். சான்றோர், பகைவர், உள்ளூரார் எல்லாரும் இருக்கின்றனர். அவனுக்குப் புறங்கொடுத்துப் போகும் நாணம் என்னும் நல்லாளும் இருக்கிறாள். விற்பவன் மட்டும் எங்கும் இல்லை. பொருள் கொடுத்து வாங்குகிறான் என்றால் அப்பொருளை வாங்கிக்கொண்டவன் ஒருவன் இருக்கவேண்டும் அன்றோ? அவனைப் பற்றி அதிகாரம் பேசவில்லை. குடிப்பவனைத் திருத்தும் நோக்கில் எழுந்த நூலுக்கு அது தேவைப்படாமல் இருந்திருக்கலாம். கெடாவின் தோட்டங்களில் அந்த இடைவெளி பெரிதாகிவிட்டது.

மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை தானாக முளைத்ததன்று. உரிமம் பெற்று, பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் கண்காணிப்பிலேயே, லயங்களுக்கு அருகில் நடந்தது. சம்பளம் கொடுக்கும் இடமும் சம்பளம் செலவாகும் இடமும் ஒரே எல்லைக்குள் இருந்தன. கள்ளின் இயல்பும் இதற்கு உடன்பட்டது. மறுநாள் காடியாகிவிடும் பொருளைச் சேமித்து வைத்து விற்க முடியாது. இறக்கிய அன்றே விற்றாக வேண்டும். ஆகவே நாள்தோறும் குடிக்கும் கூட்டம் ஒன்று கடைக்கு வேண்டியிருந்தது. மரம் வெட்டிக் களைத்தவர் அக்கூட்டமாயினர். கள் உடலுக்கு உரம் தரும், நொதியில் பி வைட்டமின் உண்டு என்ற வாதமும் எழுந்தது. வைட்டமின் இருப்பது உண்மையே; அதற்காகச் சம்பளத்தை இழக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. கடை லாபத்தில் ஒரு பகுதி தனி நிதியாக வைக்கப்பட்டுத் தொழிலாளர் நலன், விழா ஆகியவற்றுக்குச் செலவிடப்பட்ட தோட்டங்களும் உண்டு. திருவிழாவுக்குத் துரை கொடுத்தார் என்று சொல்லப்பட்டது. தொழிலாளியின் கூலி கடை வழியாகச் சென்று, துரையின் கொடையாகத் திரும்பி வந்தது. அதியமானின் கொடைக்கு நேர்மாறான உருவம் இது. அவன் தனக்குக் கிடைத்ததைக் கொடுத்தான். இங்கே வாங்கியதில் சிறு பங்கு திருப்பிக் கொடுக்கப்பட்டது.

விற்பவனைப் பார்க்கும் கண் தொழிலாளரிடமே முதலில் திறந்தது. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் நடந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கையாக வைக்கப்பட்டது. போருக்குப் பின் கெடாவில், பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு, ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. குடியை விடச் செய்வது அதன் முதற் பணிகளுள் ஒன்று. படையினர் வீட்டுக்கு வீடு அறிவுரை சொல்வதோடு நில்லாமல் கள்ளுக்கடையின் வாயிலுக்கே சென்று நின்றனர். 1947-ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பீடோங் வட்டாரத்தில் அது காவலருடன் மோதலாக முற்றி, உயிர் இழப்பும் பலரது சிறைவாசமுமாக முடிந்தது. தாயகத்தில் 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கி, 1948-இல் சென்னை மாகாணம் முழுதும் பரவியது. அங்கே அரசே கடையை மூடியது. இங்கே கடையை மூடச் சொன்னவர் அடிபட்டனர். பிற்காலத்தில் தோட்டங்களில் கள்ளுக்கடைகள் குறைந்தபோது அவ்விடத்தை மலிவான சம்சு பிடித்துக்கொண்டது. சம்சுவைப் பற்றி எந்தப் பழம்பாட்டும் இல்லை. அதை வாழ்த்தவும் ஒருவரும் துணிந்ததில்லை.

தொண்டர் படையினர் புறநானூற்றுக்கு உரை எழுதியவர் அல்லர். ஆயினும் வள்ளுவர் விட்ட இடத்தைத் தொட்டவர் அவர்களே. குடிப்பவனைப் பார்த்துப் பத்துக் குறளையும் சொல்லிவிட்டு வீடு திரும்பும் பேச்சாளருக்கும் கடைவாயிலில் நின்றவனுக்கும் உள்ள வேறுபாடு, 925-ஆம் குறளைப் பாதி படிப்பதற்கும் முழுதும் படிப்பதற்கும் உள்ள வேறுபாடாகும்.

இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு மீண்டும் வகுப்பறைக்கு வருவோம். ஔவையாரின் பாட்டை விட்டுவிடும் ஆசிரியர் பிள்ளையைக் காப்பாற்றுவதாக எண்ணுகிறார். உண்மையில் பிள்ளையின் வீட்டுத் துயரத்துக்குச் சொல் தரக்கூடிய பாட்டை அவர் மறைக்கிறார். முதலில் 24-ஆம் பாட்டில் மட்டும் தேறலும் பிரித்துக் காட்டப்பட வேண்டும். பிறகு 235-ஆம் பாட்டை மன்னைச் சொல்லோடு சேர்த்துக் கற்பிக்கலாம். இலக்கணமும் இலக்கியமும் ஒரே நாளில் முடிந்துவிடும். அதன் பின் 316-ஐ வைத்தால், வாளும் யாழும் ஏன் ஈடாகப் போயின என்று பிள்ளைகளே கேட்பர். அந்தக் கேள்வி எழுந்த பிறகே 93-ஆம் அதிகாரத்தைத் திறக்க வேண்டும். பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாகவே இருக்கிறது. ஆரம்பப் பள்ளியிலேயே குறள் வந்துவிடுகிறது. கண்டனம் முதலில் மனப்பாடமாகிறது. பாட்டு பிறகு வந்து குழப்புகிறது.

இதற்குத் தடையாகச் சொல்லப்படுவது ஒன்று உண்டு. பிள்ளைகளின் வீட்டுக் கதையை வகுப்பில் கிளறலாமா என்பர். கிளற வேண்டியதில்லை. யார் வீட்டில் யார் குடித்தார் என்று கேட்கும் ஆசிரியர் தம் தொழிலை அறியாதவர். பாட்டுக்குள் இருக்கும் கலத்தையும், அதை நீட்டும் கையையும் காட்டினால் போதும். 316-ஆம் பாட்டில் ஈடாகப் போன யாழைப் பற்றிப் பேசும்போது, அடகுக்குப் போன ஒரு தோட்டைப் பற்றிக் கடைசி வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளை தானே நினைத்துக்கொள்ளும்.